தங்கள் மகனின் சாதகம் குளிரடுக்கில் கிடந்த காரணம்

பாளையங்கோட்டை,
ஆவணி மாதம், வியாழக்கிழமை.

பெருமதிப்பிற்குரிய தில்லைநாயகம் அத்தான் அவர்களுக்கு, பாலசுப்பிரமணியன் பணிவுடன் எழுதுவது. இங்கே நான், ஞானம்பாள், மகள் மதுமதி மூவரும் உடம்பளவில் சுகம். தாங்களும் அக்காவும் மாப்பிள்ளைத் தம்பி கோமதிசங்கரும் சுகமாக இருப்பதை நேற்று எங்கள் வீட்டுக் கூடத்திலேயே நேரில் பார்த்துவிட்டபடியால், அதை விசாரிக்க ஒரு வரியை வீணாக்கவில்லை. அம்பாசமுத்திரம் போய்ச் சேர்ந்ததும் ஒரு போன் வரும் என்று இருந்தோம். வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நான் வருத்தம் இல்லை என்று சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது ஞானம்பாளுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

நான் தாளில் எழுதுவதைப் பார்த்துத் தாங்கள் சிரிக்கலாம். தாள் என்பது கரையானுக்குப் போடும் சோறு என்று நம் உறவின்முறைச் சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவன் நான்தான். இனி வரன் தேடுகிறவர்கள் மஞ்சள் தடவிய சாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏற வேண்டாம், எல்லாச் சாதகமும் ஒரு செயலிக்குள் வந்துவிடும், விரலால் தொட்டால் கட்டம் திறக்கும் என்று சொன்னவனும் நான்தான். கணிதத்தில் எம்.எஸ்சி. படித்து, கல்லூரியில் பாடம் நடத்தி, எனக்குப் பின்னால் சேர்ந்தவன் துறைத் தலைவர் ஆனபோது விலகிக்கொண்டவன் என்பதால் என் பேச்சுக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நினைத்தேன். கூட்டத்தில் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்தால் நான் இன்னும் பேசுவேன் என்ற பயத்தில்தான் ஒப்புக்கொண்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

செயலியை நானும் மேலப்பாளையம் சிராஜுதீனும் சேர்ந்து செய்தோம். சிராஜுதீன் கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவர், துபாயில் கணினி வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். இருவருமாகப் பேட்டையில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். கீழே இரும்பு கடையும் சத்தத்தில் மேலே பேசிப் பேசி, அவருக்கு எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தத் தெரியாமல் போய்விட்டது. இதைத் தாங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நேற்று நடந்ததற்கு இது முக்கியம்.

செயலி எழுதுவது பெரிய காரியமாக இல்லை. சாதகங்களையும் போட்டோக்களையும் எங்கே வைப்பது என்பதில்தான் சிக்கல் வந்தது. வீட்டுக் கணினியில் வைத்தால் மின்சாரம் போனால் கல்யாணமும் போய்விடும். ஆகவே கிளவுடில், அதாவது எங்கேயோ இருக்கும் பெரிய கணினிகளில், வாடகைக்கு இடம் பிடிக்க வேண்டும். அதில் பல விதம் இருக்கிறது. பட்டறைக்கு எதிரே உள்ள டீக்கடையில் வைத்து சிராஜுதீன் எனக்கு விளக்கினார்.

"இங்கரும் வே. முத விதம் பிளாக். ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு பீரோ. அதும் முதுகுலயே கட்டிவிட்டுருவான். வேற ஒரு பய தொட முடியாது. வெறுமனே கெடந்தாலும் முழு பீரோவுக்கும் வாடகை."

"இது போதும் பாய். வேற எதுக்கு?" என்றேன். வேறு யாரும் தொட முடியாது என்பது எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"உமக்குப் போதும் வே. செயலிக்குப் போதாது. அம்பையில இருந்து ஒருத்தன், அமெரிக்காவுல இருந்து ஒருத்தன், ஒரே நேரத்துல பொண்ணு பாக்கான்னு வையும். ரெண்டு பேரும் உம்ம பீரோ முன்னால வரிசையில நிப்பானா?"

இரண்டாவது விதம் ஃபைல். அது பொதுவீடு மாதிரியாம். அறைக்குள் அறை, பெட்டிக்குள் பெட்டி, எல்லோர் கையிலும் சாவி, எல்லோரும் ஒரே நேரத்தில் புழங்கலாம். அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டேன். டவுனில் அப்படி ஒரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன். நான் பரணில் வைத்திருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தைப் பெரியப்பா மக்கள் பிரித்துத் தின்றுவிட்டு, வெறும் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, நூலும் கட்டி வைத்திருந்தார்கள். தின்றதைக்கூட மன்னித்துவிட்டேன். அந்த நூல் கட்டியதை இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவது விதம் ஆப்ஜெக்ட். "நெல்லையப்பர் கோயில் வாசல்ல செருப்பக் குடுத்து டோக்கன் வாங்குதீருல்லா, அந்த மாதிரி," என்றார் சிராஜுதீன். கோயில் வாசலில் செருப்பு விடுவது உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "நீரு சாமி கும்பிட்டு வரட்டும்னு எத்தன வருசம் அந்தச் செருப்புக் கடையில காத்துக் கெடந்திருக்கேன். எனக்குத் தெரியாதா? எவ்வளவு செருப்பு வந்தாலும் எடம் இருக்கும். ஆனா உள்ள கெடக்குத செருப்புக்கு அங்கனயே வார் தைக்க முடியாது. டோக்கனக் காட்டி முழுசா வாங்கி, தச்சு, முழுசாத் திரும்பக் குடுக்கணும். சாதகமும் போட்டோவும் அப்பிடித்தான வே? ஒருக்க போட்டா போட்டதுதான். நடுவுல போயி எவன் சந்திரன ஒரு கட்டம் தள்ளி வைக்கப் போறான்?"

"நம்ம ஆட்களை உமக்குத் தெரியாது பாய்," என்றேன். அதனால்தான், யாராவது திருத்தினாலும் பழைய பதிப்பு அடியில் பத்திரமாக இருக்கும் வசதியையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அதை ஒரு முன்யோசனை என்று அப்போது பெருமைப்பட்டேன்.

செருப்புக் கடை என்று முடிவானது. அந்தக் கடையிலும் அடுக்குகள் இருந்தன என்பதில்தான் என் கேடு காலம் ஆரம்பித்தது. அடிக்கடி எடுக்கிற பொருளுக்குச் சூட்டடுக்கு. கேட்டவுடன் கையில் கொடுப்பார்கள், வாடகை கூடுதல். எப்போதாவது எடுக்கிற பொருளுக்குக் குளிரடுக்கு. வாடகை கொசுறு. ஆனால் கேட்டால் பின்கட்டில் எங்கேயோ போய்த் தேடிக் கொண்டுவர அரைநாள் ஆகும். சங்கத்துப் பொருளாளர் செலவைக் குறை, குறை என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். எல்லாச் சாதகத்தையும் சூட்டில் வைக்க வேண்டாம், சிலவற்றைக் குளிருக்கு அனுப்பலாம் என்று ஒப்புக்கொண்டேன். எவற்றை அனுப்புவது என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

அத்தான், நான் படித்தவன். வயதின்படியோ நட்சத்திரத்தின்படியோ பிரித்திருக்கலாம். ஊர் வாரியாகக்கூடப் பிரித்திருக்கலாம். நான் என் மனசின்படி பிரித்தேன். கல்யாணப் பத்திரிகையை நேரில் வைக்காமல் வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் வீட்டுச் சாதகம் குளிருக்குப் போயிற்று. நான் அன்பளித்த சுவர்க் கடிகாரத்தை என் வீட்டுப் பால்காய்ப்புக்கே திரும்பக் கொண்டுவந்தவர் வீட்டில் மூன்று வரன்கள், மூன்றும் குளிருக்கு. ஆட்டோவில் போகும்போது என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டவரின் ஒரே மகள் குளிருக்கு. ஒவ்வொரு சாதகத்தின் மேலும் ஒரு சின்னக் குறிப்பு ஒட்டலாம் என்று சிராஜுதீன் சொல்லியிருந்ததால், காரணத்தையும் ஒரு சொல்லில் எழுதி ஒட்டினேன். கடிகாரம். ஆட்டோ. அந்த மாதிரி. முடித்துவிட்டுப் பார்த்தால் சிராஜுதீன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் வே, சூட்டுல வைக்கதுக்கு ஒருத்தனும் மிஞ்சலியே. உம்ம ஆளுகள்ள உமக்கு ஆகுத ஒரே ஒரு ஆளு பேரச் சொல்லும் பாப்போம்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் யோசிக்கிறேன்.

ஒருதலைப்பட்சமாகத் தெரியக் கூடாது என்பதற்காகப் பொதுவாகவும் ஒரு விதி போட்டேன். ஓராண்டு முழுவதும் யாரும் திறந்து பார்க்காத சாதகம் தானாகவே குளிருக்குப் போய்விட வேண்டும். வரவு செலவு அறிக்கையில் இந்த விதியைப் பாராட்டி ஒரு வரி எழுதியிருந்தார்கள். அந்தப் பக்கத்தை எடுத்துச் சட்டம் போடலாமா என்றுகூட நினைத்தேன்.

அது மட்டுமா. எல்லோரும் சாதகத்தைச் செயலியில் ஏற்றிய பிறகு மூலத்தைத் தாமிரபரணியில் விட்டுவிடலாம், வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம் என்று சுற்றறிக்கை அனுப்பினேன். சாதகத்தைக் குப்பையில் போடக் கூடாதல்லவா, ஆற்றில்தான் விட வேண்டும். ஒருவரும் விடவில்லை. நான் முன்மாதிரியாக இருக்க வேண்டுமே என்று போன வருஷம் ஆடி அமாவாசை அன்று குறுக்குத்துறைக்குப் போய், மதுமதியின் சாதகத்தையும் என் சாதகத்தையும் பூவோடு சேர்த்து விட்டேன். மதுமதியுடையது மிதந்து மிதந்து கொக்கிரகுளம் பக்கமாகப் போனது. என்னுடையது படித்துறையிலேயே ஒட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. காலால் தள்ளிவிட வேண்டியதாயிற்று.

இந்த நிலையில்தான் ஆனி மாதக் கடைசியில் நம் இரண்டு வீட்டுக்கும் பேச்சு எழுந்தது. ஞானம்பாளுக்கு அன்று முதல் முகமே வேறாகிவிட்டது. மதுமதி பிசியோதெரபி படித்து வேலையில் சேர்ந்து, வந்த வரன்கள் எல்லாம் என்னோடு ஒருமுறை பேசியதும் நின்றுபோன பிறகு வந்த நல்ல இடம். மாப்பிள்ளைத் தம்பி கால்நடை மருத்துவர், குணமானவர், முறையும் சரி. சாதகம் பார்த்து ஒத்துவந்த பிறகுதான் பெண் வீட்டுக்கு வருவது நம் வழக்கம். அதையும் நான் மாற்றினேன். "வெறுங்கையோட வாங்க அத்தான், ரெண்டு சாதகத்தையும் கூடத்து டிவியில பக்கத்துல பக்கத்துல போடுதேன், உங்க சோதிடரு பாக்கட்டும், ஒத்து வந்தா அன்னைக்கே வெத்தல மாத்திக்கிடலாம்," என்று போனில் சொன்னேன். தாங்களும் என் பேச்சை நம்பி வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு வந்தீர்கள்.

தங்கள் வீட்டுச் சாதகத்தை இரண்டு வருஷத்துக்கு முன் நானே குளிரில் வைத்தேன் என்பது அப்போது என் நினைவில் இல்லை. வன்மத்தை நான் ஒருநாளும் மறந்ததில்லை அத்தான். அதைக் கொண்டுபோய் வைத்த இடத்தைத்தான் மறந்துவிட்டேன்.

பிறகு நடந்தது தங்களுக்கே தெரியும். டிவியில் இரண்டு கட்டமும் வர வேண்டிய இடத்தில் 'கொண்டுவரப்படுகிறது, காத்திருக்கவும்' என்று இரண்டு வரிகள் வந்து நின்றன. தங்கள் சோதிடர் கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டுக்கு ராகு காலம். அதுக்குள்ள வந்திருமா?" என்று கேட்டார். வந்துவிடும், மேற்கே மழை போல இருக்கிறது, அதுதான் தாமதம் என்றேன். "நாங்க அங்கன இருந்துதான வாரோம். வெயிலு கொளுத்துது," என்றீர்கள். பிறந்த நேரத்தைச் சொன்னால் கட்டம் போட்டுவிடலாம் என்றார் சோதிடர். மதுமதி பிறந்தது ஆலைச் சங்கு ஊதியதற்கு முன்பு என்றேன் நான், ஊதிய பின்பு என்றாள் ஞானம்பாள். "பெத்தவ நானா, நீங்களா?" என்று அவள் கேட்டதும், சோதிடர் பென்சிலைக் காதில் சொருகிவிட்டார்.

புறவாசலுக்குப் போய் சிராஜுதீனைப் போனில் பிடித்தேன். அவர் பட்டறை மாடியில் இருந்தார். கீழே லேத் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த அம்பை அண்ணாச்சி வீட்டுதா? அதத்தான நீரு சொதின்னு எழுதி ஒட்டிக் குளிர்ல வைக்கச் சொன்னீரு. ராத்திரிதான் வே வரும்."

"சரி, அது கிடக்கட்டும். மதுமதியோடதையாவது உடனே எடும்."

"அதுவும் அங்கனதான் கெடக்கு."

"அவளை நான் எப்ப வச்சேன்?"

"நீரு வைக்கல வே. நீரு போட்ட விதி வச்சிருக்கு." அதன் பிறகு லேத் நின்றதா, அவர்தான் குரலை இறக்கினாரா தெரியவில்லை. "ஒரு வருசமா யாரும் திறந்து பாக்கல."

குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினேன். ஒரு வருஷமாக என் மகளின் சாதகத்தை நம் சனத்தில் ஒரு வீட்டாரும் கேட்டுத் தொடவில்லை. அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. அவள் பெயருக்கு முன்னால் என் தலைப்பெழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். அவர்களை எல்லாம் குளிரில் வைக்க நான் ஒரு செயலி செய்தேன். என்னை வைக்க அவர்களுக்கு எதுவும் தேவைப்படவில்லை.

கூடத்துக்கு வந்து, நெட்வொர்க் கோளாறு என்றேன். எனக்குப் பின்னால் காப்பித் தம்ளர்களோடு மதுமதி வந்தாள் என்பதும், சிராஜுதீன் குரல் போனுக்கு வெளியிலும் கேட்கும் என்பதும் எனக்கு அந்த நேரத்தில் தோன்றவில்லை.

"நெட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு மாமா," என்று தங்களிடம் தம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள். "உங்க வீட்டுச் சாதகத்த அப்பா பின்கட்டுல போட்டு வச்சிருக்காங்க. ராத்திரிதான் வருமாம். என்னோடதும் அங்கனதான் இருக்கு. அத யாரும் பாக்கலங்கதால அதுவாப் போயிட்டு."

தாங்கள் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தீர்கள். "எங்களோடத எதுக்குவே மாப்ளே பின்கட்டுல போட்டீரு?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். படித்த படிப்பு முழுவதும் அந்த நேரத்தில் கைவிட்டது. "சொதி," என்றேன்.

"எந்தச் சொதி?"

அத்தான், அந்தக் கேள்விதான் என்னை உட்கார வைத்தது. இத்தனை வருஷமும் நான் ஒரு வாளியைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன், அதைத் தூக்கியவருக்கு அது எந்த வாளி என்றே தெரியவில்லை. எல்லோர் முன்னாலும் சொல்லித்தான் ஆக வேண்டியதாயிற்று. தங்கள் தங்கையை என் சித்தப்பா மகனுக்குக் கட்டிக்கொடுத்த கல்யாணம். மறுநாள் தங்கள் வீட்டில் மறுவீட்டு விருந்து. நாங்கள் மாப்பிள்ளை வீட்டார், முதல் பந்தியில் இருந்தோம். இலையில் சோறு போட்டாயிற்று, இஞ்சிப் பச்சடி வைத்தாயிற்று, தேங்காய்ப்பால் சொதி வாளியோடு தாங்கள் வரிசையாக ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். எனக்கு முந்திய இலை வரை வந்தீர்கள். வாளியைச் சாய்த்துப் பார்த்தீர்கள். "இந்தா வந்துட்டேன் மாப்ளே," என்று சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் போனீர்கள். நான் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தேன். பக்கத்து இலையெல்லாம் மோருக்குப் போய்விட்டது. ரசத்தை வேண்டாம் என்றேன், குழி சொதிக்காக என்றேன். பந்தி எழுந்துவிட்டது.

"நான் அன்னைக்கு வாளி தூக்குனேனா?" என்று தாங்கள் அக்காவைக் கேட்டீர்கள்.

"நீங்க எதத் தூக்கினீங்களோ," என்றார் அக்கா. "இந்தா வந்துட்டேன்னு சொல்லிட்டுப் போனா இவுக எங்கன வந்திருக்காக? சங்கருக்குப் பேரு வைக்க அன்னைக்குத் தேன் வாங்கப் போன மனுசன், பேரு வச்சு முடிச்சப் பொறவுதான் வந்தாக."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைத் தம்பிதான். அடக்கப் பார்த்தும் முடியாமல் தோள் குலுங்கிற்று. மதுமதி தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தட்டும் குலுங்கிற்று. எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்படி ஒரு சிரிப்பைக் கேட்டு வெகுநாள் ஆகிறது. அது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு என்பதை நான் அறிவேன். முதல்முறையாக அதைக் குறித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

ஆனால் ராகு காலம் பிறந்துவிட்டது. சோதிடர் எழுந்தார், தாங்களும் எழுந்தீர்கள். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றுகூடச் சொல்லாமல் காரில் ஏறினீர்கள். ஞானம்பாள் அதன் பிறகு என்னோடு பேசவில்லை. மதுமதிதான் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "விடுங்கப்பா. அவுக சிரிச்சிட்டுத்தான போனாக," என்றாள். நல்ல இடம் கைதவறிப்போனதற்கு என்மேல் கோபப்படுவாள் என்று இருந்தேன். கோபப்பட்டிருந்தால் தேவலை.

இரவு எல்லோரும் படுத்த பிறகு இரண்டு சாதகமும் ஆடி அசைந்து வந்து சேர்ந்தன. இன்று விடிந்ததும் எங்கள் சோதிடரிடம் காட்டினேன். நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்கிறார். இரண்டையும் தாளில் அச்செடுத்து, மஞ்சள் தடவி, இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். தங்கள் சோதிடரிடமும் காட்ட வேண்டும். என்னால் என் மகளுக்கு வந்ததை நிறுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். சிராஜுதீனிடம் சொல்லி, குளிரில் கிடந்த அத்தனை வீட்டையும் சூட்டடுக்குக்கு மாற்றிவிட்டேன். கடிகாரம் வந்துவிட்டது, ஆட்டோ வந்துவிட்டது. பொருளாளர் கத்துவார், கத்தட்டும். தங்கள் மகன் சாதகத்தின் மேல் ஒட்டியிருந்த சொதி என்ற குறிப்பை என் கையாலேயே அழித்தேன். அழித்ததும் நெஞ்சில் ஒரு லேசு. அந்த இடம் இத்தனை நாள் வாடகைக்கு இருந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாள் நன்றாக இருக்கிறது. மறுபடி வர மனம் வைத்தால் எங்கள் வாசல் திறந்திருக்கும். இம்முறை வெறுங்கையோடு வர வேண்டாம், மூலச் சாதகத்தைக் கொண்டுவாருங்கள். டிவியைக் கழற்றிவிட்டேன்.

அக்காவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைத் தம்பி கையால் தொட்ட மாடெல்லாம் நோய் தீர்ந்து நிறையப் பால் தரட்டும். காந்திமதியம்மை தங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் நீண்ட ஆயுளும் எனக்குக் கொஞ்சம் மறதியும் அருளட்டும்.

இப்படிக்கு,
எல்லாவற்றையும் மறந்துவிட்ட,
பாலசுப்பிரமணியன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் போன் வந்தது. "சங்கருக்குப் பிடிச்சிருக்காம், எங்களுக்கும் சம்மதம் மாப்ளே. நிச்சயத்துக்கு நாள் பாத்துட்டு இந்தா கூப்பிடுதேன்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தீர்கள். ஞானம்பாள் பூஜை அறைக்கு ஓடினாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்தேன். அப்போது மத்தியானச் சாப்பாடுகூட ஆகவில்லை. இப்போது விளக்கு வைத்தாயிற்று. தாங்கள் இன்னும் கூப்பிடவில்லை. அழித்த குறிப்பைத் திரும்ப எடுக்க முடியுமா என்று சிராஜுதீனிடம் கேட்டேன். "அழிஞ்சாத்தான வே. நீருதான பழசெல்லாம் அடியில இருக்கணும்னு சொன்னீரு. மேல ஒரு துணியப் போத்தி இல்லைன்னு காட்டும், அவ்வளவுதான். துணிய உருவிரட்டுமா?" என்றார். உருவச் சொல்லிவிட்டேன். கல்யாணம் சிறப்பாக நடக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். மறுவீட்டு விருந்து இந்த முறை எங்கள் வீட்டில், சொதி வாளி என் கையில். முதல் பந்தியில் தங்களுக்கு நடு இலை போட்டு வைக்கிறேன். தங்களுக்கு முந்திய இலை வரைக்கும் நிச்சயமாக வருவேன்.